ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் கட்டும் மெஷின் (ஸ்ட்ரிங்கிங் மெஷின்) வாங்கலாமா? பழகியவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். வீட்டில் எல்லோரும் ஷட்டில் ஆடுகிறோம். மகள் ஸ்மாஷ் பழகியதிலிருந்து ஸ்ட்ரிங் அறுந்துகொண்டே இருக்கிறது. அவளுக்கு பிஜி 66 அல்டிமேக்ஸ் ஸ்ட்ரிங்தான் வேண்டும். 0.65 மி.மீ. மெல்லிசு, கேட்கவா வேண்டும்! நான் 0.70 மி.மீ. பிஜி 65-லேயே காலத்தை ஓட்டுகிறேன்.

கடையில் டென்ஷன் (ஸ்ட்ரிங்கை இழுத்துக் கட்டும் விசை) 25 பவுண்டு என்று சொல்லிக் கொடுத்தால் எவ்வளவு போடுகிறார்கள் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். போன தடவை ஒரு குரோமெட் (ஃபிரேம் ஓட்டையில் ஸ்ட்ரிங் நுழையும் பிளாஸ்டிக் குழல்) நசுங்கியிருந்தது. அடிப்பக்கம் ஒரு குறுக்கு ஸ்ட்ரிங் பின்னலுக்குள் போகாமல் இரண்டு நெட்டு ஸ்ட்ரிங்குக்கு மேலேயே ஓடியிருந்தது.

அதனால் வீட்டிலேயே கட்டலாம் என்று யோசனை. ராக்கெட்டுக்கு 10 மீட்டர் என்று வைத்தால், 200 மீட்டர் ரீலில் 20 ராக்கெட் கட்டலாம். ஸ்ட்ரிங் செலவும் குறையும், கூலியும் மிச்சம். ஆனால் எந்த மெஷின்?

எலக்ட்ரானிக் விலை கட்டுப்படியாகாது. கையால் சுற்றும் கிராங்க் வகை வேகம்தான். ஆனால் சொன்ன டென்ஷன் வந்ததும் லாக் ஆகிவிடும், அப்புறம் ஸ்ட்ரிங் கொஞ்சம் தளரும். எடைக்கல் தொங்கும் டிராப் வெயிட் மெதுவானாலும் விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். எனக்கு அதில்தான் மனசு.

ஷட்டில் ராக்கெட் ஃபிரேம் மெல்லிசு என்பதால் ஆறு இடத்தில் பிடிக்கும் மெஷின்தான் வேண்டுமா, இரண்டு இடம் போதுமா? ஃபிளையிங் கிளாம்ப் (மெஷினில் பொருத்தாமல் ஸ்ட்ரிங்கையே கவ்வி நிற்கும் பிடி) 0.65 ஸ்ட்ரிங்கில் வழுக்குமா? கற்றுக்கொள்ளும்போது ஃபிரேம் உடைத்தவர்கள் யாராவது உண்டா? (பழைய ராக்கெட் ஒன்று பலிக்குத் தயார்.) செகண்ட் ஹேண்ட் மெஷின் என்றால் கிளாம்பைத் தவிர வேறு எதைப் பார்க்க வேண்டும்? கோயம்புத்தூர் பக்கம் யாராவது வைத்திருந்தால், ஒரு ராக்கெட் கட்டுவதை நேரில் வந்து பார்க்கலாமா?