மறு: ஹைலி காம்போசிட் நம்பருக்குத் தமிழ்ச் சொல்: விஞ்சுகாரணி எண்?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

> 'உயர் பகு எண்' என்று வைத்தால் என்ன? பகு எண் பள்ளியிலேயே படித்த சொல்தானே.

ஐயா, படித்த சொல் என்பது சரி. ஆனால் இங்கே அது பொருந்தவில்லை. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் ஓர் எண்ணுக்கு இருந்தால், அதுதான் ஹைலி காம்போசிட் நம்பர். ராமானுஜன் 1915இல் லண்டன் கணிதக் கழக இதழில் எழுதிய நீண்ட கட்டுரை இவற்றைப் பற்றியதுதான். அந்த வரையறைப்படி 2உம் இந்த வரிசையில் வரும். பகா எண்ணான 2ஐ எப்படி 'உயர் பகு எண்' என்பது?

பெரிய எண் ஒன்றை எடுத்துப் பார்ப்போம். 293318625600, அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. ராமானுஜனின் பட்டியல் 6746328388800 வரை போகிறது. ஆனால் நடுவில் வந்திருக்க வேண்டிய இந்த எண் மட்டும் அதில் விடுபட்டுப்போனது. பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5உம் 7உம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை. அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால் 7×5×3×3×2×2×2×2 = 5040 காரணிகள். அந்த 5040உம் இதே வகை எண்! எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம் இது.

இதன் பக்கத்தில் 2இன் 38ஆம் அடுக்கை வையுங்கள்: 274877906944. கிட்டத்தட்ட அதே அளவுதான். பிரித்தால் 38 பகாக் காரணிகள் வரும், முந்தையதற்கோ 18தான். ஆக, 'உயர்வாகப் பகுபடுவது' இரண்டாவது எண்தான். ஆனால் அதற்கு மொத்தமே 39 காரணிகள். பெயர் சொல்ல வேண்டியது பகுபடுவதை அல்ல, காரணி எண்ணிக்கையில் முன்னவற்றை எல்லாம் விஞ்சுவதை.

அதனால் 'விஞ்சுகாரணி எண்' என்று முன்மொழிகிறேன். ஊறுகாய் போல வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது. 'மிகுகாரணி' என்றும் யோசித்தேன். மிகையெண் ஏற்கெனவே காரணிகளின் கூட்டுத்தொகையை வைத்து வரும் வேறொரு வகை, குழப்பம் வரும். அப்புறம், இலங்கைப் பாடநூல்களில் பகு எண்ணைச் 'சேர்த்தி எண்' என்பார்கள்; காரணி இரு பக்கமும் பொது.

இன்னொன்று பாக்கி. 12க்கும் 6 காரணிகள், 18க்கும் 6. 18 ஆனது 12ஐ விஞ்சவில்லை, ஆனால் 18ஐ விஞ்சிய சிறிய எண்ணும் இல்லை. இந்த லார்ஜ்லி காம்போசிட் வகைக்கு 'ஈடுகாரணி எண்' சரிப்படுமா? விஞ்சுகாரணி எண்களும் இதற்குள் அடங்கும் என்பதால் எனக்குச் சிறு தயக்கம் உண்டு. இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.