பொலிட்டிக்கல் டைனஸ்டி: ‘வாரிசு அரசியல்’ போதவில்லை, ‘பதவிக்குடும்பம்’ பொருந்துமா?

வணக்கம் நண்பர்களே,

ஒரே குடும்பத்தினர் அரசியல் பதவிகளில் இருந்துவருவதை ஆங்கிலத்தில் ‘பொலிட்டிக்கல் டைனஸ்டி’ என்பார்கள். அதற்குத் தமிழ் கேட்டு நம் குழுவுக்கு வந்த மடலுக்கு இதுவரை வந்த பதில்கள்: வாரிசு அரசியல், குடும்ப ஆட்சி, அரசியல் மரபு, அப்புறம் தாயம் (மரபுரிமை). முதல் மூன்றும் புழக்கத்தில் உள்ளவைதான். ஆனால் பிலிப்பைன்ஸ் அரசியல் பற்றிய ஒரு கட்டுரையை நான் தமிழாக்க உட்கார்ந்தபோது மூன்றுமே பாதி வழியில் நின்றுவிட்டன.

அந்த நாட்டை எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. 1987இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பிலேயே இந்தச் சொல்லை எழுதி வைத்திருக்கிறார்கள். பொதுப்பணியில் சேர எல்லாருக்கும் சம வாய்ப்பை அரசு உறுதி செய்யும், பொலிட்டிக்கல் டைனஸ்டிகளைத் தடை செய்யும் என்கிறது இரண்டாம் பிரிவின் 26ஆம் கூறு. கூடவே ‘சட்டம் வரையறுக்கும் வகையில்’ என்றொரு வாலும் உண்டு. வரையறுக்க வேண்டியது நாடாளுமன்றம். அங்கே அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் அத்தகைய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். 2025 தேர்தல் வரை எல்லாப் பதவிகளுக்குமான அந்தச் சட்டம் வரவில்லை. ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லாமல் விட்டதால் ஒரு தடையே செயலற்றுக் கிடக்கிறது. நாம் சொல்லாக்கும்போது பொருளில் கவனமாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

> ‘வாரிசு அரசியல்’ எல்லாருக்கும் புரியுமே, புதுச்சொல் எதற்கு?

பதில் எழுதியவர்களில் ஒருவர் கேட்டது இது. புரியும், சரி. ஆனால் வாரிசு என்றதும் நம் மனத்தில் வருவது அப்பாவுக்குப் பின் மகன் என்ற மேல்-கீழ்க் கோடு. மார்கோஸ் குடும்பத்துக்கு அது பொருந்தும்: தந்தை 1965 முதல் 1986 வரை அதிபர், அதே பெயர் கொண்ட மகன் 2022இல் அதிபர். மக்கபகால், அக்கினோ குடும்பங்களிலும் பெற்றோரில் ஒருவருக்குப் பின் பிள்ளை அதிபரானது உண்டு. ஆனால் 2025 தேர்தலுக்குப் பின் அமைந்த செனட்டை, அதாவது நாடாளுமன்ற மேலவையைப் பாருங்கள். மொத்தம் 24 இடங்கள். அதில் கயெத்தானோ வீட்டு அக்கா தம்பி, வில்யார் வீட்டு அண்ணன் தங்கை, துல்ஃபோ சகோதரர்கள், முன்னாள் அதிபர் எஸ்த்ராதாவின் இரண்டு மகன்கள் என நான்கு உடன்பிறப்பு இணைகள். மூன்றில் ஒரு பங்கு! இவர்களில் யார் யாருக்கு வாரிசு? ஒரே நேரத்தில் ஒரே அவையில் இருக்கிறார்கள். ‘வாரிசு’ என்ற சொல்லால் இதைப் பார்க்கவே முடியாது.

‘குடும்ப ஆட்சி’ இலங்கைத் தமிழ் ஏடுகளில் நன்றாக வேரூன்றிய சொல். ராஜபக்ச குடும்பத்தில் கோத்தாபய அதிபராகவும் மகிந்த பிரதமராகவும் சமல், பசில், நாமல் அமைச்சர்களாகவும் இருந்த 2021இல் அது அப்படியே பொருந்தியது. ஆனால் ஆட்சியை இழந்த பிறகும் குடும்பம் இருக்கிறதே, அதற்கு என்ன பெயர்? ‘குடும்பக் கட்சி’ என்றால் பிலிப்பைன்ஸில் சுத்தமாகப் பொருந்தாது. அங்கே கட்சி மாறும், குடும்பம் மாறாது. மூத்த மார்கோஸ் லிபரல் கட்சியிலிருந்து நாசியோனலிஸ்தாவுக்குத் தாவித்தான் 1965இல் அதிபரானார். மகனும் கட்சிகள் மாறி வந்தவர்தான்.

‘அரசியல் மரபு’ என்றால் வாசகர் அரசியல் பாரம்பரியம் என்றே படிப்பார். ‘அரசியல் குலம்’ நேராகச் சாதிக்குப் போய்விடும்.

தாயம் என் மனத்துக்கு நெருக்கமான சொல். கரிகாலன் ‘தாய்வயிற்று இருந்து தாயம் எய்தி’ அரசனானதைப் பொருநராற்றுப்படை சொல்கிறது. பிறக்கும் முன்பே பதவி உரிமை என்ற கருத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. இருந்தும் வேண்டாம் என்கிறேன். ‘தாய அரசியல்’ என்று எழுதினால் பாதிப்பேர் தாய் என்றும் மீதிப்பேர் பகடை என்றும் படிப்பார்கள். அதைவிட முக்கியமாக, தாயம் என்பது உரிமை. ஒரு குடியரசில் பதவி யாருக்கும் உரிமைச்சொத்து இல்லை. கலைச்சொல்லே அதை ஒப்புக்கொடுத்துவிடக் கூடாது.

என் முன்மொழிவு ‘பதவிக்குடும்பம்’. கூட்டுக்குடும்பம், தனிக்குடும்பம் போன்ற அமைப்பு. முதல் தடவை படிப்பவருக்கும் விளங்கும். பதவியும் குடும்பமும் வடசொற்கள் என்று தனித்தமிழ் அன்பர்கள் சொல்லலாம். அவர்கள் தரும் மாற்றை மதிப்போடு பரிசீலிக்கலாம், ஆனால் வாசகர் ஒரே மூச்சில் பிடித்துக்கொள்ளும் சொல்லாக அது இருக்க வேண்டும். பொருள் வரையறை இப்படி: ஒரு குடும்பத்தைச் சேர்ந்த இருவரோ பலரோ, ஒரே காலத்திலோ அடுத்தடுத்தோ, தேர்தல் பதவிகளை வகித்தால் அது பதவிக்குடும்பம்.

இதில் இரண்டு வகை. பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்கள் தின் டைனஸ்டி, ஃபேட் டைனஸ்டி என்கிறார்கள். ஒல்லி, குண்டு என்று மொழிபெயர்த்தால் நன்றாக இருக்காது. ‘வாழையடி வாழை’, ‘ஆலவிழுது’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே வாழ்த்துச் சாயல் கொண்டவை, எனவே விட்டுவிட்டேன். ஒருவர் பின் ஒருவராக வந்தால் ‘தொடர்குடும்பம்’, ஒரே நேரத்தில் பல இடங்களில் பரவினால் ‘படர்குடும்பம்’. இரண்டும் வினைத்தொகை, எதுகையும் உண்டு.

ஒரே வீடு இரண்டுமாக இருப்பதும் உண்டு. அங்கே மேயர் பதவியில் மூன்றாண்டுக் காலம் மூன்று முறைக்கு மேல் தொடர முடியாது. தாவாவ் நகரில் 2010இல், பின்னாளில் அதிபரான ரோத்ரிகோ துதெர்த்தேயின் வரம்பு முடிந்ததும் மகள் சாரா மேயர், அப்பா துணைமேயர். 2013இல் மீண்டும் அப்பா, 2016இல் மீண்டும் மகள், 2022இல் மகன் செபாஸ்தியன். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல வீட்டில் ஒருவர் இருக்கையைக் காத்து வைக்கிறார். தனிமனித ஆதிக்கத்தைத் தடுக்க வைத்த வரம்பே வீட்டுக்குள் இன்னும் பலரை அரசியலுக்கு இழுத்து வந்திருக்கிறது. தொடரைப் படராக மாற்றியதில் அதற்குப் பங்குண்டு என்பது என் கருத்து.

கடைசியாக ஒரு சிக்கல், இதில் உங்கள் உதவி தேவை. 2016இல் அங்கே இளைஞர் மன்றத் தேர்தலுக்கு மட்டும் ஒரு தடை வந்தது: அந்தப் பகுதியில் பதவியில் இருப்பவருக்கு இரண்டாம் படி வரை இரத்த உறவாகவோ மண உறவாகவோ இருந்தால் போட்டியிட முடியாது. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் இதற்குள் வருவார்கள். சித்தப்பா மூன்றாம் படி, அவர் மகன் நான்காம் படி; இருவரும் தப்பிவிடுவார்கள். நமக்கோ சித்தப்பா மகனும் தம்பிதான், ‘உடன்பிறந்தார்’ என்று எழுதினால் வாசகர் அவனையும் சேர்த்துக்கொள்வார். மண உறவுக்குக் ‘கொண்டான் கொடுத்தான் உறவு’ என்று பேச்சில் அழகாக இருக்கிறது, சட்டநடைக்கு நீளம். பத்திரம் எழுதும் வேலையிலோ வாரிசுச் சான்றிதழ் வேலையிலோ பழக்கம் உள்ளவர்கள், இந்தப் ‘படி’க்கும் மண உறவுக்கும் அங்கே புழங்கும் சொல் எது என்று எழுதுங்கள்.