‘மென் வரம்பு’ வேண்டாம். ‘நடப்பு வரம்பு’ என்போம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல், ஒவ்வொரு செயல்முறைக்கும் (அதாவது இயங்கிக்கொண்டிருக்கும் நிரலுக்கும்) விதிக்கும் வள வரம்புகளில் சாஃப்ட் லிமிட், ஹார்டு லிமிட் என்னும் இணைக்கு நம் தமிழாக்கச் சொற்பட்டியலில் ‘மென் வரம்பு’, ‘வன் வரம்பு’ என்று இருப்பதை மாற்ற வேண்டுகிறேன். மென்பொருள், வன்பொருள் என்னும் இணை காதுக்குப் பழகிவிட்டதால் இந்தச் சொற்கள் எளிதாக வந்து அமர்ந்துவிட்டன. ஆனால் இவை படிப்பவருக்குத் தவறான பொருளைத் தருகின்றன என்பதை அண்மையில் நேரிலேயே கண்டேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மண்டியின் கணக்கு சர்வரைப் பராமரித்து வருகிறேன். மாதக் கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் கணக்கு முடிக்க உட்கார்ந்தபோது, தரவுத்தளம் புதிய இணைப்புகளை ஏற்க மறுத்தது. திறந்திருக்கும் கோப்புகள் மிக அதிகம் என்னும் பிழை பதிவேட்டில் வரிசையாக நின்றது. பிணைய இணைப்பையும் கர்னல் ஒரு திறந்த கோப்பாகவே எண்ணும் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு செயல்முறை திறந்து வைக்கக்கூடிய கோப்புகளுக்குச் சாஃப்ட் லிமிட் 1024, ஹார்டு லிமிட் 4096. என்னுடன் பணியாற்றும் இளைஞர் நான் தமிழில் எழுதித் தந்திருந்த குறிப்பைக் காட்டி, “மென் வரம்புன்னுதானே அண்ணா எழுதியிருக்கீங்க, அதைத் தாண்டினா எச்சரிக்கை மட்டும் வரும், 4096 வந்தாத்தான் நிக்கும்னு இருந்துட்டேன்” என்றார். அவர் சொல்லைச் சரியாகத்தான் படித்திருக்கிறார், சொல்தான் சரியில்லை.

உண்மையில் கர்னல் அமல்படுத்துவது சாஃப்ட் லிமிட்டைத்தான். 1024 கோப்புகள் திறந்திருக்கையில் அடுத்த கோப்பைத் திறக்கக் கேட்டால் உடனே மறுப்பு வரும்; அதில் எந்த மென்மையும் இல்லை. முகவரி வெளிக்கான (ஒரு செயல்முறை பயன்படுத்தக்கூடிய நினைவகப் பரப்புக்கான) வரம்பும் அப்படியே: எட்டியபின் மேலும் நினைவகம் கேட்டால் கிடைக்காது. ஹார்டு லிமிட் என்பது, சாஃப்ட் லிமிட்டை ஒரு செயல்முறை தானாக எவ்வளவு வரை உயர்த்திக்கொள்ளலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் மேல் அளவு. நிர்வாகிக்குரிய சிறப்புரிமை இல்லாத செயல்முறை அந்த மேல் அளவைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் குறைத்ததை மீண்டும் உயர்த்த முடியாது.

எனவே ‘நடப்பு வரம்பு’, ‘உச்ச வரம்பு’ என்னும் இணையை முன்மொழிகிறேன். இது என் கற்பனை அன்று. சி மொழியில் இவ்விரண்டையும் தாங்கும் கட்டமைப்பின் உறுப்புகளுக்கு ‘ரிலிம் கர்’, ‘ரிலிம் மேக்ஸ்’ என்றுதான் பெயர். முதலாவது நடப்பில் உள்ளது, இரண்டாவது உச்சம். ‘நடப்பு’ என்பது நடப்புக் கணக்கு, நடப்பு ஆண்டு என்று மண்டிக்காரர் அன்றாடம் புழங்கும் சொல். ‘உச்ச வரம்பு’ 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் வந்த நாளிலிருந்து நம் சிற்றூர்கள் வரை தெரிந்த சொல்.

‘செயல் வரம்பு’ என்னும் மாற்றை நானும் எண்ணிப் பார்த்தேன்; அது ‘செயல்முறை வரம்பு’ என்பதோடு குழம்பும். ஏரிச் சொல் ஒன்றும் மனத்தை இழுத்தது. சேர்வராயன் மலை நீரை வாங்கும் மூக்கனேரிக்குப் பக்கத்தில் குடியிருப்பதாலோ என்னவோ, வரம்பு என்றாலே எனக்குக் கலிங்கு, அதாவது ஏரி நிரம்பியதும் மிகுநீர் வழியும் இடம், நினைவுக்கு வருகிறது. பழைய ஏரிகளின் கலிங்கில் நட்ட கற்களுக்கிடையே மண்ணோ பலகையோ அடைத்து நீர்மட்டத்தைச் சற்று உயர்த்திக்கொள்வார்கள். ஆனால் எவ்வளவு அடைத்தாலும் கரையின் உயரத்தை நெருங்க விடமாட்டார்கள். கலிங்கு நடப்பு வரம்பு, கரை உச்ச வரம்பு என்று வகுப்பில் விளக்க இது மிக நன்றாக உதவும். ஆயினும் ஏரியைப் பார்க்காமல் வளர்ந்த மாணவருக்குக் ‘கலிங்கு வரம்பு’ என்பதையே தனியாக விளக்க வேண்டியிருக்கும் என்பதால் விட்டுவிட்டேன்.

என் கருத்துக்கு எதிரான சான்று ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மையச் செயலி நேரத்துக்கான வரம்பில், சாஃப்ட் லிமிட்டை எட்டியதும் கர்னலிடமிருந்து செயல்முறைக்கு ஒரு சமிக்ஞைதான் (ஓர் அறிவிப்புதான்) வருகிறது; ஹார்டு லிமிட்டை எட்டினால்தான் கர்னல் செயல்முறையைக் கட்டாயமாகக் கொல்கிறது. அப்படியானால் முதலாவது எச்சரிக்கைதானே என்று கேட்கலாம். ஆனால் அந்தச் சமிக்ஞையைப் பிடித்துக் கையாள நிரலில் ஏற்பாடு இல்லையென்றால், அதுவே செயல்முறையை முடித்துவிடும். ஆகவே அங்கும் ‘நடப்பு வரம்பு’ பொருந்துகிறது.

பயனருக்கு வட்டில் இவ்வளவு இடம் என்று வகுக்கும் வட்டு ஒதுக்கீட்டில் மட்டும் நிலைமை வேறு. அங்கே சாஃப்ட் லிமிட்டைத் தாண்டி எழுதலாம். வழக்கமாக 7 நாள் சலுகைக் காலம் உண்டு. ஆங்கிலத்தில் ஒரே பெயர் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றாக்க வேண்டியதில்லை; அங்கே ‘நெகிழ் வரம்பு’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

குழுவினர் ஏற்றால், இவ்வரம்புகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் யூலிமிட் கட்டளைக்கான பக்கத்தில் என் பழைய வரியை இப்படித் திருத்துகிறேன்: “நடப்பு வரம்பை எட்டிய செயல்முறைக்கு அதற்கு மேல் அந்த வளம் கிடைக்காது, பயனர் நடப்பு வரம்பை உச்ச வரம்பு வரை தாமே உயர்த்திக்கொள்ளலாம், உச்ச வரம்பை உயர்த்த நிர்வாகி வேண்டும்.” இந்த வரியில் எந்தச் சொல்லேனும் இடறினால் எழுதுங்கள்.

அன்புடன்,
கன்னங்குறிச்சியிலிருந்து