வேலை போச்சு, கையில ஒன்றரை லட்சம்: கஷ்ட காலத்துலயும் ஓடுற தொழில் எது?

கொருக்குப்பேட்டை பையன்:

எல்லாருக்கும் வணக்கம். கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு வண்டி பார்ட்ஸ் கம்பெனியில கான்ட்ராக்ட்ல இருந்தேன். ஆர்டர் கொறஞ்சுபோச்சுன்னு ரெண்டு ஷிப்டை ஒண்ணாக்கி எங்க பேட்ச்சையே நிறுத்திட்டாங்க. வேற கம்பெனியில கேட்டாலும் இப்போதைக்கு ஆள் எடுக்கலன்னுதான் சொல்றாங்க.

கையில ஒன்றரை லட்சம் இருக்கு. வீட்டுல நாலு பவுன் நகை இருக்கு, அதைத் தொடக் கூடாதுன்னு இருக்கேன். ஒரு டீக்கடை ஃபிரான்சைஸ்காரங்க அஞ்சு லட்சம் போடச் சொல்றாங்க. ஃப்ரெண்டு ஒருத்தன் தண்டல் (தெனமும் வசூல் பண்ற வட்டிக் கடன்) விடலாம்ங்கறான். நான் ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் படிச்சவன். எல்லாரும் காசு இல்லன்னு சொல்ற நேரத்துல நல்லா ஓடுற தொழில்னு ஏதாவது இருக்கா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

ராயபுரம் 13:

ப்ரோ, 2008ல அமெரிக்காவுல பங்குச்சந்தை சரிஞ்சப்போ டவ் ஜோன்ஸ்ங்கற பங்குக் குறியீட்டுல இருக்கற 30 கம்பெனியில வால்மார்ட்டும் மெக்டொனால்ட்ஸும் மட்டும்தான் அந்த வருஷத்தை ஏத்தத்துல முடிச்சுது. மலிவு விலை மளிகை, மலிவு விலை சாப்பாடு. இந்த ரெண்டுக்கும் எந்தக் காலத்துலயும் அழிவு இல்ல. சின்னதா ஒரு சாப்பாட்டுக் கடை போடுங்க.

காயில் கடை, தண்டையார்பேட்டை:

தம்பி, நான் மிக்ஸி, ஃபேன், கிரைண்டர், தண்ணி மோட்டார் ரிப்பேர் பாக்கற கடை வெச்சிருக்கேன். எங்க அப்பா பின்னி மில்லுல எலக்ட்ரிகல் வேலையில இருந்தாரு. 1996ல மில்லு மூடினப்போ புளியந்தோப்பு, ஓட்டேரி, பெரம்பூர்ப் பக்கம் எத்தனையோ வீட்டுல ஒரே நேரத்துல வருமானம் நின்னுச்சு. அப்பா வீட்டு வாசல்ல காயில் கட்ட, அதாவது எரிஞ்ச மோட்டாருக்குப் புதுக் காப்பர் கம்பி சுத்த, உக்காந்தாரு, நானும் கூட உக்காந்தேன். இந்தக் கேள்வியோட பல வருஷம் வாழ்ந்தவன்ங்கறதால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

சம்பளம் ஒழுங்கா வர்ற வீட்டுல மிக்ஸி நின்னா புதுசு வாங்குவாங்க. வராத வீட்டுல ரிப்பேருக்கு எடுத்துட்டு வருவாங்க. ரெண்டுல ஒண்ணு நடந்தே ஆகணும், ஏன்னா இப்போ யார் வீட்டுலயும் அம்மி இல்ல. மே மாசம் ஃபேன் நின்னா கொழந்தை தூங்காது. அப்படி நாளைக்குன்னு தள்ளிப் போட முடியாத பொருளா பாக்கணும். டிவி கெட்டா ஃபோன்ல பாத்துக்கறாங்க. ஏசி சர்வீஸை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிடறாங்க. அதனால ரிப்பேர்னு பொதுவா சொல்லிட முடியாது.

2011ல கவர்மெண்டு இலவச மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் குடுக்க ஆரம்பிச்சுது. கொஞ்ச வருஷம் கழிச்சு அதெல்லாம் எங்க மாதிரி கடைக்கு வர ஆரம்பிச்சுது. கப்ளர் ஒடஞ்சது, ஜார் புஷ் தேஞ்சது, கார்பன் பிரஷ் தீந்தது, ஃபேனுக்குக் கண்டென்சர் போனது. காயில் எரிஞ்சாத்தான் கடைக்கு வருமானம்னு வெளியில நெனைக்கறாங்க. என் கடை வாடகையைக் கட்டறது இந்தச் சின்ன வேலைங்கதான். கொஞ்ச நேரத்துல முடியும், சாமானுக்குப் போடற காசு கம்மி, கூலி அப்பவே கைக்கு வரும்.

ராயபுரம் தம்பி சொன்னதுக்கு வரேன். வால்மார்ட் மாதிரி கடைங்க மலையளவு வாங்கி வெலையைக் கொறைக்கறாங்க. ஒன்றரை லட்சம் வெச்சிருக்கறவன் அந்த வெலையோட மோத முடியாது. சாப்பாட்டுக் கடை எந்தக் காலத்துலயும் ஓடும்ங்கறதும் முழுசா சரியில்ல. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைப் பாருங்க. வருஷா வருஷம் ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. முன்ன 45 நாளா இருந்தது, 2017லேர்ந்து 61. அந்த ரெண்டு மாசமும் அங்க கஷ்ட காலம்தான். அப்போ யாருக்கு வேலை இருக்கு? படகைக் கரையேத்திப் பலகை மாத்தறவங்க, பெயிண்ட் அடிக்கறவங்க, இஞ்சின் மெக்கானிக், வெல்டர், வலை சரி பண்றவங்க. யாருக்கு அடி? ஐஸ் கம்பெனி, மீன் ஏத்தற வண்டிக்காரங்க, மீன் வெட்டிக் குடுக்கற பொம்பளைங்க. அப்புறம் இவங்களை நம்பி விடியக்காலைல டிபன் போடறவங்க. அங்க இட்லிக் கடையும்தான் படுக்குது. யார் கைக்காசை நம்பி நம்ம கடை இருக்குதுன்னு மொதல்ல பாக்கணும் தம்பி. ஒரே தொழிலை நம்பின தெருவுல கடை போட்டா அந்தத் தொழில் படுக்கறப்போ நீயும் படுப்ப.

என் கடைக்கு ஹார்பர்ல வேலை பாக்கறவங்க வீட்டு மிக்ஸியும் வருது, ஆட்டோ ஓட்டறவர் வீட்டு ஃபேனும் வருது, டீச்சர் வீட்டு கிரைண்டரும் வருது. ஒருத்தருக்கு இல்லாதப்போ இன்னொருத்தருக்கு இருக்கும்.

தண்டல் பத்தி. இது மனசு வலிச்சுச் சொல்றது. 10,000னு எழுதிக்கிட்டு 8,500 கையில குடுப்பாங்க. நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்டணும். 1,500தான வட்டின்னு தோணும். ஆனா மொத நாள்லேர்ந்தே திருப்பிக் கட்டறதால, சராசரியா பாத்தா அந்த 8,500ல பாதிதான் கடன் வாங்கினவங்க கையில இருக்கும். 4,250 ரூபாய்க்கு 100 நாள்ல 1,500 வட்டி. வருஷத்துக்குக் கணக்குப் போட்டா நூத்துக்கு 125க்கு மேல போவுது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாத்துக்கும் சேத்து 2003லயே தமிழ்நாட்டுல தடைச் சட்டம் வந்தாச்சு. அடகுக் கடைன்னாலும் 1943ஆம் வருஷச் சட்டப்படி லைசென்ஸ் எடுக்கணும். காலங்காத்தால பூக்கார அம்மா கூடைக்கு முன்னாடி நின்னு தண்டல்காரன் சத்தம் போடறதை நான் நேர்ல பாத்திருக்கேன். கஷ்ட காலத்துல அந்தத் தொழில் நல்லாத்தான் ஓடும். அந்தக் காசு நம்ம வீட்டுக்குள்ள வரக் கூடாது. அதை விடவும் வேணாம், அதுல வாங்கவும் வேணாம்.

ஃபிரான்சைஸ் வேணாம். உன்கிட்ட இல்லாத மூணரை லட்சத்துக்கு நகையையும் கடனையும்தான் கை காட்டுவாங்க. வியாபாரம் மந்தமானாலும் வாடகையும் மாஸ்டர் சம்பளமும் கொறையாது.

எங்க தொழில்லயும் தொந்தரவு இருக்கு. கஷ்ட காலத்துல வேலை ஏறும், பொருளைக் குடுத்துட்டுத் திரும்பி வராதவங்களும் ஏறுவாங்க. என் அலமாரியில வருஷக் கணக்கா நிக்கற மிக்ஸி இருக்கு. அதனால காயில் கட்டற வேலைன்னா காப்பர் கம்பிக்கான காசை முன்னாடியே வாங்கிடணும். எரிஞ்ச கம்பி காயலான் கடைக்குப் போகும், அதுல வர்ற காசைக் கழிச்சுச் சொல்லணும். அந்தக் கணக்கை வெளிப்படையா சொல்ற கடைக்குத்தான் அடுத்த தடவை பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூட்டிட்டு வருவாங்க.

மாவுக்கடை, வியாசர்பாடி:

தம்பி, அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. சாப்பாட்டுத் தொழில்ல இருக்கறவ சொல்றேன். நான் இட்லிக் கடைதான் வெச்சிருந்தேன். 2020 மார்ச்சுல ஊரடங்கு போட்டதும் அடுப்பு பத்த வைக்க முடியல. கிரைண்டர் இருந்துச்சு, மாவா குடுக்க ஆரம்பிச்சேன். எல்லாரும் மூணு வேளையும் வீட்டுலயே சாப்பிட்டாங்க, அதனால மாவு நல்லா வித்துச்சு. இன்னிக்கு வரைக்கும் மாவுதான்.

ஒரு விஷயம் கவனிச்சேன். மாசச் சம்பளக்காரங்க கிலோ கணக்குல வாங்குவாங்க. தெனக்கூலி வாங்கறவங்க பாத்திரத்தோட வந்து இருபது ரூபாய்க்கு ஊத்துங்கன்னுவாங்க. நெலமை கெட்டுப்போனா கிலோ வாங்கினவங்களும் இருபது ரூபாய்க்கு வந்து நிப்பாங்க. அவங்களை மொகம் சுளிக்காம கவனிச்சா கடை நிக்கும். வெயில் காலத்துல சாயந்தரத்துக்குள்ள புளிச்சிடும், அன்னன்னிக்கு வித்துடற அளவுதான் அரைக்கணும்.

சாப்பாட்டுப் பொருள் எது வித்தாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு போட்டுடுங்க. சின்னக் கடைக்குக் கட்டணம் கம்மிதான். அம்மா உணவகம் பக்கத்துல மட்டும் இட்லிக் கடை போட்டுடாதீங்க. அங்க இட்லி 1 ரூபா, அது ஏழைங்களுக்கு வேணும், இருக்கட்டும். நாம வேற எடம் பாத்துக்கணும்.

கொருக்குப்பேட்டை பையன்:

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. தண்டல், டீக்கடை ரெண்டையும் விட்டுட்டேன். காயில் கட்டறது ஐ.டி.ஐ.ல படிச்சதோட சரி, கை மறந்துபோச்சு. எங்க ஏரியாவுல சின்னக் கடைக்கே ஒரு லட்சம் அட்வான்ஸ் கேக்கறாங்க. குடுத்துடலாமா?

காயில் கடை, தண்டையார்பேட்டை:

குடுக்காத. ஒரு லட்சம் அட்வான்ஸ்ல போச்சுன்னா மிச்சம் அம்பதாயிரத்துல வீட்டுச் செலவையும் சாமானையும் எப்படிப் பாப்ப? ஹார்டுவேர் கடையோ மாவு மில்லோ வெச்சிருக்கறவங்ககிட்ட முன்னாடி ஒரு மேஜை போடற எடம் கேளு. நாள் வாடகையா பேசிக்க. ஆறு மாச வீட்டுச் செலவைத் தனியா எடுத்து வெச்சுட்டு மிச்சத்துல கை வை.

மொதல்ல மல்டிமீட்டர், சோல்டரிங் அயர்ன், பேரிங் புல்லர், சீரிஸ் லேம்ப் போர்டு போதும். ஓடற மாடலுக்கு மட்டும் கப்ளர், புஷ், பிரஷ், 2.5 எம்.எஃப்.டி. கண்டென்சர் பாரிமுனையில கொஞ்சமா வாங்கு. ஒரு பெட்டி மொத்தமா எடுத்தா மலிவுன்னு கடைக்காரர் சொல்வாரு, எடுக்காத. காயில் மிஷின் அப்புறம் வாங்கிக்கலாம், எரிஞ்ச மோட்டார் வந்தா என்கிட்ட அனுப்பு.

இன்னொண்ணு. 2023 ஜனவரிலேர்ந்து சீலிங் ஃபேனுக்கு, கரண்ட் சிக்கனத்தைக் காட்டற ஸ்டார் லேபிள் கட்டாயமாச்சு. 75 வாட்ஸ் இழுத்த எடத்துல முப்பது சொச்சம் இழுக்கற பி.எல்.டி.சி. ஃபேன் இப்போ வீட்டுக்கு வீடு வருது. அதுல கெட்டுப்போறது பெரும்பாலும் உள்ள இருக்கற எலக்ட்ரானிக் போர்டு. என் வயசுக்கு அது கஷ்டமா இருக்கு, உனக்கு வராம இருக்காது. நீ போர்டு வேலையைக் கத்துக்கிட்டா நானே உன்கிட்ட ஃபேன் அனுப்பறேன்.

கை பழகறவரைக்கும் என் கடையில வந்து உக்காரு, சம்பளம் பெருசா குடுக்க முடியாது, பஸ் காசும் சாப்பாடும் என்னுது. தனி மெசேஜ்ல எடம் சொல்றேன். பழைய சட்டை போட்டுட்டு வா, வார்னிஷ் பட்டா போகாது.