ஒரே தொட்டியில் எந்த மீனோடு எந்த மீன்? சேலத்துக்காரர்கள் பட்டதைச் சொல்லுங்கள்

அம்மாப்பேட்டை

பொங்கல் முடிந்த வாரம் மகளுக்காக இரண்டடித் தொட்டி ஒன்று வாங்கினேன். கடையில் அவள் கை காட்டியதெல்லாம் பைக்குள் போயிற்று: ஏஞ்சல் 2, டைகர் பார்ப் 4, நியான் டெட்ரா 10, சக்கர் (கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி மேயுமே, அது) 1. "இதெல்லாம் ஒண்ணாப் போடலாமா?" என்று கேட்டேன். "தாராளமாப் போடலாம் சார், எல்லாம் சாது" என்றார் கடைக்காரர்.

மூன்றாம் நாள் பார்த்தால், ஏஞ்சலுக்கு வயிற்றுக்குக் கீழே நூல் மாதிரித் தொங்குமே, அதில் ஒன்று பாதிதான் இருந்தது. அடுத்த வாரம் இன்னொரு ஏஞ்சலுக்கு நூலே இல்லை. அதுகூடப் போகட்டும், நியான் குறைந்துகொண்டே வருகிறது. செத்து மிதந்த மீன் ஒன்றுகூடக் கிடையாது. மகள் காலையில் பல் தேய்த்தபடியே தொட்டி முன்னால் நின்று எண்ணுகிறாள். பத்து எட்டாகி, எட்டு ஆறாகி, இன்றைக்கு ஐந்து. சக்கர்தான் தின்கிறது என்கிறாள் என் மனைவி. உங்கள் வீட்டில் இப்படி நடந்திருக்கிறதா?

சூரமங்கலம்

சக்கர் பாவம் சார், அதை விட்டுவிடுங்கள். செத்துக் கிடப்பதை மேயும்; நீந்துகிற நியானைத் துரத்திப் பிடிக்கிற ஆள் இல்லை. உங்கள் ஏஞ்சல் என்ன அளவு? உள்ளங்கை அகலம் இருந்தால் தின்பது அதுதான். ராத்திரி விளக்கை அணைத்ததும் நியான்கள் ஒரு மூலையில் அசையாமல் நிற்கும். விடியும் நேரத்தில் ஏஞ்சல் வேலையை ஆரம்பிக்கும். என் தொட்டியில் ஒருநாள் ஐந்தரை மணிக்குப் பால் வாங்க எழுந்தபோது நேரிலேயே பார்த்தேன். ஏஞ்சல் வாயில் ஒரு நியானின் சிவப்புப் பாதி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டுமே அமேசான் பக்கத்து மீன்கள், ஒரே ஊர்க்காரர்கள் என்று நம்பித்தான் நானும் சேர்த்திருந்தேன். நியான் வளர்ந்தாலும் 3 செ.மீ. சொச்சம்தான். ஏஞ்சல் 15 செ.மீ. வரை போகும். கடையில் ஏஞ்சல் ஒரு ரூபாய்க் காசு அளவில் இருக்கும்போது இது தெரியாது.

நூலைக் கடித்தது டைகர் பார்ப். அதில் நாலு மட்டும் வாங்கியது தப்பு. எட்டு, பத்து என்று இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்தி, முட்டி, யார் பெரியவன் என்று தீர்த்துக்கொள்ளும். நாலு என்றால் அந்த வம்பெல்லாம் பக்கத்து வீட்டுக்கு வந்துவிடும். பத்து போட்டாலும்கூட ஏஞ்சல், கப்பி மாதிரி நீளத் துடுப்பு உள்ளவற்றோடு நான் போடமாட்டேன்.

அப்புறம் தண்ணீர். கடையில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நம் ஊர் மேக்னசைட் பூமி. என் வீட்டு போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பக்கெட் ஓரமெல்லாம் வெள்ளையாகப் படிந்துவிடும். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டரை விட்டால் 1,400 காட்டியது. நியானுக்கு வேண்டியது உப்பில்லாத, லேசாக அமிலத்தன்மை உள்ள தண்ணீர். இரண்டு தடவை இருபது இருபதாக வாங்கிவிட்டேன், ஒரு மாதம் தாண்டவில்லை. காவிரித் தண்ணீர் விடுகிற அன்று டிரம்மில் பிடித்துவைத்து, ஒருநாள் குளோரின் போகவிட்டு ஊற்றிப் பார்த்தேன். குழாயில் தண்ணீர் வராத வாரம் மறுபடியும் போர்தான், மறுபடியும் சாவுதான்.

கடைசியில், மீனுக்காகத் தண்ணீரை மாற்றுவதை விட்டுவிட்டு, இருக்கிற தண்ணீருக்கு எந்த மீன் வாழும் என்று பார்த்தேன். மோலி, பிளாட்டி, கப்பி மூன்றுக்கும் கடினத் தண்ணீர் ஒத்துக்கொள்ளும். இப்போது மூன்றடித் தொட்டியில், கிட்டத்தட்ட 130 லிட்டர் இருக்கும், மோலி 6, பிளாட்டி 9, சீப்ரா டேனியோ 8 ஓடுகின்றன. மூன்று வருடமாகச் சண்டை இல்லை. மோலியிலும் பிளாட்டியிலும் ஆண் ஒன்றுக்குப் பெண் இரண்டு என்று போடுங்கள். ஆண் அதிகமானால் பெண் மீனை நிற்கவிடாமல் துரத்தியே கொன்றுவிடும்.

குகை

எனக்கு நடந்தது சின்னக் கதை. ஃபைட்டரை ஃபைட்டரோடு விடக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் புத்திசாலித்தனமாக ஒரே ஒரு ஃபைட்டரைக் கப்பித் தொட்டியில் விட்டேன். பெரிய வண்ண வாலோடு வந்த ஆண் கப்பியைப் பார்த்ததும், அதுவும் இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துவிட்டது. சாயங்காலத்துக்குள் நாலு கப்பிக்கு வால் கிடையாது. வெறும் உடம்பு மட்டும் துடித்துத் துடித்து நீந்தியது. இப்போது ஃபைட்டர் தனிக்குடித்தனம், பதினைந்து லிட்டரில் ஒரே ஆள்.

ஏற்காடு

மேலே இருக்கிறவன் கதையையும் கேளுங்கள். கீழே ஐந்து ரோடு பக்கம் ஏஞ்சலும் கப்பியும் வாங்கி, ஆக்சிஜன் அடைத்த பையோடு பஸ் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி வருவதற்குள் பை பலூன் மாதிரி விண்ணென்று விறைத்துவிட்டது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், பைக்குள் இருக்கிற காற்று விரியும். பக்கத்து சீட்டுப் பாட்டி, "தம்பி, வெடிச்சுறப் போகுது" என்று தள்ளி உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து, பையை முக்கால் அளவுக்கு மட்டும் அடைத்துத் தரச் சொல்கிறேன்.

இங்கே எங்களுக்குப் பிரச்சினை குளிர். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். மார்கழி ராத்திரியில் ஸ்வெட்டர் இல்லாமல் வாசலுக்குப் போக முடியாது. 56 லிட்டர் தொட்டிக்கு 50 வாட் ஹீட்டர் போட்டிருந்தேன். ஒரு மழைநாளில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. தண்ணீர் 17 டிகிரிக்கு இறங்கிவிட்டது. ஏஞ்சல் இரண்டும் சரிந்து தரையில் படுத்துக் கிடந்தன. கப்பிக்கு உடம்பெல்லாம் ரவை தூவினது மாதிரி வெள்ளைப் புள்ளி. ஒன்றும் மிஞ்சவில்லை.

அதற்கப்புறம் கோல்டுஃபிஷ் நாலு மட்டும், பெரிய சிமென்ட் தொட்டியில். ஹீட்டர் இல்லை, கவலையும் இல்லை. கீழே சித்திரை வெயிலில் தவிக்கிற மீன் இங்கே கொழுத்துத் திரிகிறது. பாசி தின்னட்டும் என்று ஒரு சக்கரைச் சேர்த்துப் பார்த்தேன். அது பாசியை விட்டுவிட்டு, தூங்குகிற கோல்டுஃபிஷ் விலாவில் ஒட்டிக்கொண்டு வழவழப்பை உறிஞ்சியது. செதில் இருந்த இடத்தில் காசளவு சிவப்புப் புண். சூரமங்கலம் சார் சக்கருக்கு வக்காலத்து வாங்குகிறார், என்னால் முடியாது.

கொண்டலாம்பட்டி

யாரும் இதைக் கேட்கவில்லையே. புதுத் தொட்டியில் முதல் நாளே 17 மீனா? மீன் கழிவில் வருகிற அம்மோனியாவை மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டரில் பிடிக்க நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை எல்லா மீனும் விஷத் தண்ணீரில்தான் நிற்கிறது. எரிச்சலில் இருக்கிற மீன் இன்னும் கடிக்கும். தினம் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள், சாப்பாட்டைப் பாதியாகக் குறையுங்கள். மற்ற பஞ்சாயத்தெல்லாம் அப்புறம்.

செவ்வாய்ப்பேட்டை

சக்கர் பேச்சு வந்ததால் சொல்கிறேன். எங்கள் வீட்டில் விரல் நீளத்தில் வந்தது, இரண்டே வருடத்தில் ஒரு அடி. வால் திருப்பினால் செடியெல்லாம் பெயர்ந்து மேலே வரும். மூக்கனேரியில் விட்டுவிடலாம் என்று வாளியில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். தெருமுனையில் மாமா பிடித்துக்கொண்டார். அவர் மேட்டூர் அணையில் வலை போட்டவர். "அது ஏரியில பெருகினா நம்ம கெண்டைக்கு எடம் ஏது? வலையில சிக்குனா முள்ளு வலையையே கிழிச்சுரும்" என்று நடுத்தெருவில் திட்டினார். வாளியோடு திரும்பி வந்து, நாலு கடை ஏறி இறங்கி, பெரிய தொட்டி வைத்திருந்த ஒரு கடைக்காரரிடம் சும்மாவே கொடுத்தேன்.

சூரமங்கலம்

கோல்டுஃபிஷ் விஷயத்தில் ஏற்காட்டு அண்ணன் சொல்வது சரி, சக்கரை அதனோடு விடக்கூடாது. நான் பேசியது நியான் வழக்கை மட்டும்தான்.

இன்னொன்று. எல்லாம் கொளத்தூரிலிருந்து வருகிறது என்றே நினைக்கிறோம் (நம் மேட்டூர் பக்கத்துக் கொளத்தூர் இல்லை, வண்ணமீன் சந்தை இருக்கிற சென்னைக் கொளத்தூர்). ஆனால் நம் பக்கத்திலேயே அருலியஸ் பார்ப் என்று ஒரு மீன் இருக்கிறது. காவிரிப் படுகையைச் சேர்ந்தது, வெளிநாட்டில் ஆசையாக வளர்க்கிறார்கள். 12 செ.மீ. வரை வளரும், நாலடித் தொட்டியாவது வேண்டும். இரண்டடிக்காரர்கள் ஆசைப்படவேண்டாம்.

அம்மாப்பேட்டை

எல்லோருக்கும் நன்றி. ஏஞ்சல் உள்ளங்கை அளவுதான், இரண்டும் அப்படியே. அதைத் திருப்பிக் கொடுக்கலாமா, நியானைக் கொடுக்கலாமா என்று மகளிடமே விட்டேன். ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டு ஏஞ்சலைக் கொடுத்துவிடலாம் என்றாள். பார்பும் ஏஞ்சலும் கடைக்குப் போயின, பதிலுக்குக் கறுப்பு மோலி 3 வாங்கி வந்தோம். கடைக்காரர் இந்தத் தடவையும் "எல்லாம் சாதுதான் சார்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. போரை நிறுத்திவிட்டு, காவிரித் தண்ணீரை டிரம்மில் பிடித்துவைத்து ஊற்றுகிறேன். மூன்று வாரமாக நியான் ஐந்து ஐந்தாகவே இருக்கிறது.

நேற்றுக் காலையில் மகள் "அப்பா, முப்பது!" என்று கத்தினாள். மோலி ஒன்று குட்டி போட்டிருக்கிறது. அது கடையிலேயே வயிற்றோடு வந்ததாம். தாயே குட்டிகளைத் தின்றுவிடும் என்கிறார்கள். பிடித்துத் தனியாக விட வலை வாங்கவேண்டுமா, டீ வடிகட்டி போதுமா?

குகை

வடிகட்டி போதும் அண்ணா. வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள்.