புதுப்பிப்பு: அந்த 45 சுற்று இசைத்தட்டு முதல் அச்சுதான்

1966-இல் லாஸ் ஏஞ்சலஸில் வந்த என் சோல் இசை சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்ன இசைத்தட்டு) முதல் அச்சா, அல்லது எழுபதுகளில் இங்கிலாந்தின் நார்தர்ன் சோல் ரசிகர்களுக்காக (பழைய, அரிய அமெரிக்க சோல் தட்டுகளைத் தேடி ஆடும் கூட்டம்) போட்ட கள்ள அச்சா என்று முன்பு கேட்டிருந்தேன். லேபிள் வெளிறியிருந்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம்.

நேற்று நல்ல வெளிச்சத்தில், பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வரை உள்ள வெற்று வளையத்தைப் பார்த்தேன். வட்டத்துக்குள் எம்ஆர் முத்திரை, பக்கத்தில் சின்ன முக்கோணம், ஒரு எண். லாஸ் ஏஞ்சலஸில் இசைத்தட்டு அச்சடித்த மோனார்க் ஆலையின் அடையாளம்! அந்த எண் வருஷம் போகப் போக ஏறிக்கொண்டே போகும். ஆண்டு உறுதியாகத் தெரிந்த என் மற்ற மோனார்க் தட்டுகளோடு ஒப்பிட்டேன். 1966 தட்டுகளுக்கு நடுவே கச்சிதமாக உட்கார்ந்தது. எவ்வளவு நிம்மதி!

அப்புறம், “இது வினைல் இல்லை, ஸ்டைரீன் (வினைலைவிட விறைப்பான பிளாஸ்டிக்), அதனால் போலி” என்று ஒருவர் சொல்லியிருந்தார். அப்படி இல்லை. மோனார்க் நிறைய 45களை ஸ்டைரீனில்தான் போட்டது. அந்தத் தட்டுகளில் லேபிள் பசையால் மேலே ஒட்டியிருக்கும். லேபிள் நிறமும் ஆலைக்கு ஆலை மாறும், அதை மட்டும் நம்பக் கூடாது.

கூடவே வாங்கிய இன்னொரு தட்டில் முத்திரையே இல்லை, கையால் கீறிய எழுத்து மட்டும். ஒலியும் மங்கல். அது கள்ள அச்சாக இருக்கலாம் என்று திருப்பி அனுப்புகிறேன்.