ஒட்டோ கியர் ஒயில்: புதுப்பிப்பு

எங்கள் டொயோட்டா கொரோலா 121 காரின் ஒட்டோ கியர் ஒயிலை மெசின் போட்டு முழுதாக ஃபிளஷ் பண்ணலாமா, இல்லை தொடாமலே விடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பழைய காராக வாங்கியது, கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஃபிளஷ் செய்யவில்லை. கொக்குவிலில் ஒரு கராஜ் அண்ணையிடம் கொடுத்து, போல்ட்டைக் கழற்றித் தானாக வடிந்ததை மட்டும் எடுத்து, அளந்து, அதே அளவு புதிய டைப் டி-4 (டொயோட்டா ஒட்டோ கியர் ஒயில் வகை) விட்டோம். டோர்க் கொன்வேட்டருக்குள் (எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைக்கும் பகுதி) நிற்பது இப்படி வடியாது, பாதிகூட வெளியே வராது, அதனால் கொஞ்சம் ஓடிவிட்டு இன்னொரு தரம் செய்தோம்.

கியர் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றியதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. இரும்புத் தூளைப் பிடிக்க அதில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தது, விரலால் தேய்த்தால் மாவு மாதிரி, இரும்புச் சில் ஒன்றுமில்லை. ஒயில் கடும் மண்ணிறம், ஆனால் கருகிய மணம் இல்லை. சில் இருந்தாலோ கருகி மணந்தாலோ உள்ளே ஏற்கெனவே சேதம், அப்போது புது ஒயிலால் பயனில்லை என்றார் அண்ணை, அது சரியான பேச்சு.

ஏ9 வீதியில் வவுனியா வரை போய்வந்தேன், இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது இருந்த உதைப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது. டிப்ஸ்டிக் (ஒயில் மட்டம் பார்க்கும் கம்பி) பார்ப்பவர்கள் எஞ்சின் ஓடும்போது, கியர் ஒயில் சூடான பிறகே பாருங்கள். சிவிடி கார் (படிப்படியான கியர்கள் இல்லாத ஒட்டோ வகை) என்றால் இந்த ஒயிலை விடவே வேண்டாம், அதற்கு வேறு ஒயில்.